பிள்ளை தாமதமாகும்போது: திருகோணமலைச் சோடிகளுக்கான படிப்படியான வழிகாட்டி

தம்பலகாமத்துத் தங்கச்சி ஒருத்தி இரண்டரை வருடமாகத் தனியாகவே ரவுணுக்கு பஸ் ஏறி கிளினிக் வந்து போனாள். ஸ்கான் ஆறு, இரத்தப் பரிசோதனை எத்தனையோ, மாத்திரை ஒரு பை நிறைய. கணவருக்கு ஒரு பரிசோதனையும் நடக்கவில்லை. நான் கூடப் போன அன்று டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "அவர் எங்கே?" அவர் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். பத்து நாளில் அவருடைய விந்து ரிப்போர்ட் வந்தது. காரணம் அதில் இருந்தது.

நானும் என் கணவரும் இந்த வழியால் போனவர்கள். பிறகு உறவிலும் அயலிலும் ஏழெட்டுச் சோடிகளோடு கூடப் போயிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். எதை முதலில் செய்வது, எதைக் கையில் வைத்திருப்பது, எங்கே வருடங்கள் வீணாகின்றன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. காலத்தைச் சரியாக எண்ணுங்கள்

கருத்தடை எதுவும் இல்லாமல், ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்து 12 மாதம் ஆகியும் கரு தங்கவில்லை என்றால் வைத்தியரிடம் போகும் நேரம் வந்துவிட்டது. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். நூறு சோடிகளில் எண்பதுக்கு மேல் முதல் வருடத்திலேயே தங்கிவிடும்; மிச்சப் பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டாவது வருடத்தில். ஆகவே நாலாவது மாதமே மாமி கேட்கிறா என்று பயந்து ஓட வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் பிழையாகிப் போவது இந்த எண்ணிக்கைதான். கணவர் கட்டாரில் இருக்கிறார், கலியாணமாகி மூன்று வருடம், சேர்ந்து இருந்தது இரண்டு லீவில் மொத்தம் மூன்று மாதம். அப்படியானால் உங்கள் கணக்கு மூன்று மாதம்தான், மூன்று வருடம் அல்ல. இதை டொக்டரிடம் சொல்லாமல் "மூன்று வருடம்" என்று மட்டும் சொன்னால், தேவையில்லாத மருந்தில் தொடங்கிவிடக்கூடும்.

மூன்று மாத ஊசி போட்டிருந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊசியை நிறுத்திய பிறகும் முட்டை வெளிவரத் தொடங்கப் பல மாதம் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட. அது நோய் அல்ல. கடைசி ஊசி போட்ட திகதியைக் குறித்து வையுங்கள்.

சிலர் 12 மாதம் காத்திருக்கவே கூடாது. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது, அல்லது தாங்க முடியாத வலியோடு வருகிறது. வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. கர்ப்பப்பைக் கிருமித்தொற்று இருந்திருக்கிறது. கணவருக்குச் சிறுவயதில் விதை கீழே இறங்காமல் இருந்தது. வயது வந்த பிறகு கூவைக்கட்டு (மம்ப்ஸ்) வந்து விதை வீங்கியது. இருவரில் ஒருவருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இப்போதே போங்கள்.

2. ஒரு கொப்பி வாங்குங்கள்

நாற்பது பக்கக் கொப்பி போதும். போனில் இருக்கும் ஆப் நல்லதுதான், ஆனால் கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். கொப்பியைத் திறந்து நீட்டினால் அவர் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் பிடித்துவிடுவார்.

முதல் பக்கத்தில் பெண்ணின் விபரம்: பிறந்த திகதி, கலியாணத் திகதி, முன்பு தங்கிக் கலைந்தது உண்டா, சத்திரசிகிச்சைகள், தைரொயிட், நீரிழிவு, இப்போது குடிக்கும் எல்லா மருந்துகளும். நாட்டு மருந்தும் அதில் வர வேண்டும். இரண்டாம் பக்கம் கணவருக்கு: குடலிறக்க ஒப்பரேஷன், விதையில் அடிபட்டது, கூவைக்கட்டு, வேலை, புகையிலை, மது, ஜிம்மில் போட்ட ஊசி அல்லது குடித்த மாத்திரை. உடம்பு ஏற்றப் போடும் ஆண் ஹோர்மோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். "ஆண்மைக்குத்தானே அக்கா, நல்லதுதானே" என்று என்னிடம் கேட்ட தம்பி இருக்கிறான். இதை மறைத்தால் வேறு எந்தப் பரிசோதனையும் விளக்கம் தராது.

மூன்றாம் பக்கத்திலிருந்து மாதவிடாய்த் திகதிகள். இரத்தம் நன்றாகப் போகத் தொடங்கும் நாள்தான் 1ஆம் நாள். முதல் நாள் மாலையில் தெரிந்த மண்நிறக் கறை கணக்கில் வராது. நின்ற நாளை 1 என்று எண்ணும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தலைக்கு முழுகிய நாளிலிருந்து எண்ணுவது வீட்டுப் பழக்கம். டொக்டர் "2ஆம் நாள் வாங்கோ" என்றால் அவர்கள் போவது உண்மையில் 7ஆம் நாள். இரத்தம் எடுத்தும் பயனில்லை, ஒரு மாதம் போய்விடுகிறது.

3. சேரும் நாட்களைப் பாருங்கள், வெளிப்படையாகப் பேசுங்கள்

முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. 28 நாள் சுற்று என்றால் 14ஆம் நாள், 35 நாள் சுற்று என்றால் 21ஆம் நாள் அளவில். முட்டை ஒரு நாள் அளவே உயிரோடு இருக்கும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை இருக்கும். அதனால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்தான் வாய்ப்புள்ள நாட்கள். நாள் பார்த்துக் கட்டாயப்படுத்துவதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை சேர்ந்து வந்தால் அந்த நாட்கள் தானாகவே அகப்பட்டுவிடும்.

கடலுக்கு இரவில் போகும் கணவர், வெள்ளியும் விரதமும் கொடியேற்றமும் என்று விலகி இருக்கும் நாட்கள், இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். இவை எல்லாம் சேர்ந்து அந்த ஆறு நாளையும் மாதா மாதம் விழுங்கிவிடலாம். விரதத்தை விடச் சொல்லவில்லை. கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்ததை யாரும் சொல்லித் தருவதில்லை. கலியாணம் ஆகி ஒரு வருடம், ஆனால் இன்னும் முழுமையாகச் சேரவே முடியவில்லை என்ற சோடிகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பெண்ணுக்கு வலியும் பயமும், தசை தானாக இறுகிவிடும். அல்லது ஆணுக்கு விறைப்பு நிற்காது, "இன்றைக்குத்தான் நாள்" என்று சொன்னாலே உடம்பு மறுத்துவிடும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. வெட்கத்தில் இதை விட்டுவிட்டு ஸ்கானும் மாத்திரையும் என்று அலைந்த ஒரு சோடிக்கு, டொக்டரிடம் இந்த ஒரு வசனத்தைச் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. வாயால் சொல்ல முடியாவிட்டால் கொப்பியில் எழுதி நீட்டுங்கள்.

4. முதலில் உங்கள் பகுதி மருத்துவமாது

குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் என்று சொல்பவர், கர்ப்பிணிகளுக்கு மட்டும் உரியவர் அல்ல. புதுமணத் தம்பதியரையும் அவர் பதிவு செய்கிறார். உங்கள் வீடு அவர் பதிவேட்டில் இல்லையென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் யார் என்று சொல்வார்கள்.

அவரிடம் போவதற்குக் காரணம் மூன்று. ஒன்று, போலிக் அமில மாத்திரை. தங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும், ஏனென்றால் பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் முதல் வாரங்களில் பல பெண்களுக்குத் தங்கியது தெரிந்தேயிராது. பொதுவாகச் சொல்லப்படும் அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம். நீரிழிவோ வலிப்பு மருந்தோ இருந்தால் கூட்டித் தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு, எடை, பிரஷர், சீனி, இரத்தச்சோகை, ருபெல்லா தடுப்பூசி ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். ருபெல்லா ஊசி போட்டால் குறைந்தது ஒரு மாதம் தங்காமல் பார்க்க வேண்டும், ஆகவே அது தொடக்கத்திலேயே முடிய வேண்டிய வேலை. மூன்று, எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை கிளினிக் என்பது அவருக்குத் தெரியும்.

5. ஆஸ்பத்திரி: இரண்டு பேரும், முதல் நாளே

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை ரவுணில் இருக்கிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்கள் அங்கங்கே உள்ள ஆதார வைத்தியசாலையில் தொடங்கலாம். ஓபிடியில் காட்டி, பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கே பார்ப்பவர் வீஓஜி, அதாவது மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர். அரச ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் காசு இல்லை. சில பரிசோதனைகளை வெளியே செய்யச் சொல்வார்கள். அதற்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: இருவரின் அடையாள அட்டை, கொப்பி, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் திகதி வரிசையில் ஒரு பைலில். விடியவே போங்கள், நம்பர் வாங்க வேண்டும்.

உள்ளே போனதும் முதல் வசனம் இதுவாக இருக்கட்டும்: "சேர்ந்து வாழ்ந்து இத்தனை மாதம், ஒன்றும் தங்கவில்லை, இரண்டு பேரும் வந்திருக்கிறோம், இவருக்கும் பரிசோதனை எழுதித் தாங்கோ." "வயிற்று நோ", "பீரியட்ஸ் ஒழுங்கில்லை" என்று சுற்றி வளைத்தால் அதற்கு மட்டும் மருந்து தந்து அனுப்பிவிடுவார்கள்.

தனியாரிடம் காசு கட்டி, சனல் பண்ணிப் பார்ப்பதும் நல்லதே. பேச நேரம் கிடைக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு டொக்டர் என்று மாறாதீர்கள். நானே அதைச் செய்தேன். ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள், ஒரே மாத்திரையை மூன்று இடத்தில் குடித்தேன், ஒன்றரை வருடம் போனது.

6. ஆணின் பரிசோதனை முதலில்

பிள்ளை தாமதமாகும் சோடிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணமாக இருக்கிறது. பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகள் பல, சில வலிக்கும், மாதக்கணக்கில் நீளும். ஆணுக்கு ஒரு போத்தல், ஒரு காலை. எது முதலில் வர வேண்டும் என்பதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

ஆனால் அந்த ஒரு காலையைத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பரிசோதனைக்கு முன் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டிய நாட்கள் குறைந்தது 2, கூடியது 7. "சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடும்" என்று பதினைந்து நாள் இருந்தவர்களுக்குச் செத்த விந்தணு கூடுதலாகத் தெரிந்தது. லேப் தரும் சுத்தமான போத்தலில் கையால் எடுக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது, அதில் உள்ள பூச்சு விந்தணுவைக் கொல்லும். எண்ணெய், சவர்க்காரம், எச்சில் ஒன்றும் படக்கூடாது. முதல் துளி சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அதில்தான் விந்தணு அதிகம்.

லேபிலேயே அறை இருந்தால் அங்கே எடுப்பதுதான் நல்லது. வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள், முடிந்தால் அரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். குச்சவெளியிலும் புல்மோட்டையிலும் இருப்பவர்கள் வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டுவர முடியாது. ரவுணில் உறவினர் வீட்டில் முதல்நாள் தங்குங்கள். போத்தலைச் சேட்டுக்குள் உடம்போடு அணைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸிலும் வேண்டாம், மோட்டார் சைக்கிள் சீற்றின் கீழும் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் பார்க்கும் எண்கள் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கீழெல்லைகள்: அளவு 1.4 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றரில் விந்தணு 16 மில்லியன், மொத்த அசைவு 42 வீதம், முன்னோக்கி நீந்துபவை 30 வீதம், சரியான உருவம் 4 வீதம். அந்த 4ஐப் பார்த்து அழுத ஆண்களைத் தெரியும். 96 வீதம் பழுது என்று நினைத்தார்கள். 4 என்பது சாதாரணம். எல்லைக்குக் கீழே இருந்தாலும் பிள்ளை பிறக்காது என்று அர்த்தம் இல்லை.

ஒரு ரிப்போர்ட் சரியாக வராவிட்டால் தீர்ப்பு எழுத வேண்டாம். விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவில் எடுக்கும். டெங்குக் காய்ச்சல் வந்து போயிருந்தால் அது இப்போதைய ரிப்போர்ட்டில் தெரியும். மூன்று மாதம் கழித்து மறுபடி செய்யச் சொல்வார்கள். அந்த மூன்று மாதம்தான் சிகரெட்டையும் வாய்ப் புகையிலையையும் விடும் காலம். பேக்கரிப் போறணை, இயந்திர அறை, நாள் முழுக்க லொறி ஓட்டம் என்று சூட்டில் வேலை செய்பவர்கள் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு விந்தணுவும் இல்லை என்று வந்தால்கூட, அடைப்பா உற்பத்திக் குறைவா என்று பார்க்க அடுத்த வழி இருக்கிறது. பார்மசியில் "சக்தி" மாத்திரை வாங்கிக் குடிப்பது அந்த வழி அல்ல.

7. பெண்ணின் பரிசோதனைகள், நாள் கணக்கோடு

மாதவிடாயின் 2 முதல் 5ஆம் நாளுக்குள் எடுக்கும் இரத்தம் சூலகத்தின் நிலையைக் காட்டும் ஹோர்மோன்களுக்கு. தைரொயிட்டும் புரோலக்டினும் எந்த நாளும் எடுக்கலாம்.

முட்டை வெளிவந்ததா என்று பார்க்கும் புரொஜெஸ்திரோன் பரிசோதனையை எல்லோரும் "21ஆம் நாள் டெஸ்ட்" என்கிறார்கள். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். அது 28 நாள் சுற்றுக்கு மட்டும். அடுத்த மாதவிடாய்க்கு 7 நாள் முன்பு என்பதுதான் விதி. 35 நாள் சுற்றுள்ள பெண் 28ஆம் நாள் கொடுக்க வேண்டும். 21இல் கொடுத்தால் "முட்டை வரவில்லை" என்று பொய்யாகத் தெரியும்.

பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள் ஸ்கானுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். வயிற்று ஸ்கானுக்குத்தான் தண்ணீர் குடித்துப் பொறுத்திருப்பது. பெண் உதவியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. "நீர்க்கட்டி" என்று எழுதியிருந்தால் உடைந்து போகாதீர்கள். அநேகமாக அது வளராமல் நின்ற சிறு முட்டைப் பைகள், ஒப்பரேஷன் செய்து எடுக்கும் கட்டி அல்ல. உடல் எடை கூடியவர்களுக்கு அதில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்காகத் தொடங்குவது உண்டு. 80 கிலோ என்றால் 4 கிலோவிலிருந்தே பலன் தெரியலாம். இரவுச் சோற்றைக் குறைத்து, கடற்கரையில் தினம் முக்கால் மணித்தியாலம் நடந்தே அதைச் செய்த பெண்கள் இருக்கிறார்கள்.

குழாய்ப் படம் என்பது மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் பலோப்பியன் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. மாதவிடாய் நின்ற பிறகு, 10ஆம் நாளுக்கு முன் செய்வார்கள். அந்த மாதம் அதுவரை சேரக் கூடாது. மாதவிடாய் நோ போல வலிக்கும், முன்கூட்டி என்ன மாத்திரை எடுப்பது என்று கேளுங்கள். துணைக்கு ஒருவர் வேண்டும். பிறகு காய்ச்சலோ நாற்றமான வெள்ளையோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

8. வீட்டாரை எங்கே நிறுத்துவது

கேள்வி வருவது அவளிடம்: "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையோ?" பதில் சொல்ல வேண்டியவர் அவர். தன் தாயிடம் கணவரே "அம்மா, நாங்கள் இரண்டு பேரும் டொக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம், இனிக் கேட்காதீங்கோ" என்று ஒரு தடவை சொன்னால் வீட்டில் பாதிச் சூடு இறங்கும். ரிப்போர்ட்டில் யாருடைய குறை என்பது இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

கோயிலில் தொட்டில் கட்டுங்கள், பள்ளியில் துஆ கேளுங்கள், அது மனதைத் தாங்கும். மருந்து நாளில் நீண்ட விரதமோ நோன்போ வந்தால் மட்டும் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள். சித்த மருத்துவம் பார்ப்பவர்கள் பதிவுபெற்ற வைத்தியரிடம் பார்த்து, இரண்டு பக்கத்துக்கும் மற்றதைத் தெரியப்படுத்துங்கள். பெயர் ஒட்டாத தூளும் பற்பமும் வேண்டாம். அவற்றில் ஈயம், பாதரசம் கலந்திருக்கக்கூடும்.

அவளால் தூங்க முடியவில்லை, உயிரோடு இருக்கவே மனமில்லை என்ற நிலை வந்தால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம். வீட்டில் அடி, வெளியேற்றுவேன் என்ற மிரட்டல் என்றால் 1938 பெண்கள் உதவி இலக்கம்.

9. மாத்திரைக் கட்டம்

முட்டை வளர மாத்திரை தந்தால், அந்த மாதம் ஸ்கானில் வளர்ச்சியைப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். பார்க்காமல் குடித்தால் முட்டை வருகிறதா என்றும் தெரியாது, இரண்டு மூன்று முட்டை ஒரேயடியாக வந்து இரட்டைப் பிள்ளை ஆகும் வாய்ப்பும் கூடும். டொக்டர் எழுதித் தந்த பழைய துண்டைக் காட்டி பார்மசியில் மறுபடி வாங்காதீர்கள். முட்டை வந்தும் ஆறு மாதம் வரை ஒன்றும் நடக்கவில்லை என்றால் "அடுத்த படி என்ன?" என்று நீங்களே கேளுங்கள்.

10. கொழும்புக்குப் போக வேண்டி வந்தால்

விந்தைச் சுத்தமாக்கிக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது எளிய படி. உடம்புக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சை (ஐவிஎஃப்) பெரிய படி, அதைச் செய்யும் நிலையங்கள் பெரும்பாலும் கொழும்பில், தனியாரிடம். போகும் முன் உங்கள் வீஓஜியிடம் கடிதமும் எல்லா ரிப்போர்ட்டின் பிரதியும் வாங்குங்கள். பழைய ரிப்போர்ட் இல்லாவிட்டால் அங்கே எல்லாம் மறுபடி, மறுபடி காசு.

திருகோணமலையிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில் போய் அன்றே திரும்புவது முதல் சந்திப்புக்குச் சரிவரும், சிகிச்சைக்குச் சரிவராது. முட்டை வளர்க்கும் ஊசி பத்துப் பன்னிரண்டு நாள், இடையிடையே ஸ்கான், முட்டை எடுத்தல், 3 முதல் 5 நாளில் கருவை வைத்தல் என்று மூன்று வாரம் அளவு அங்கே தங்க இடம் வேண்டும். கணவரின் லீவும் அதற்குள் அடங்க வேண்டும். முதல் சில நாள் ஊசியை ஊரிலேயே போட முடியுமா என்று கேளுங்கள், சில வேளை ஒத்துக்கொள்வார்கள்.

கையெழுத்து வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: மருந்தோடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு, இடையில் நின்றால் எவ்வளவு, என் வயதுப் பெண்களில் உயிரோடு பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர் (டெஸ்ட் பொசிட்டிவ் ஆனவர்கள் அல்ல), எத்தனை கரு வைப்பீர்கள், மிச்சத்தை உறையவைத்தால் வருடச் செலவு என்ன, முட்டையும் விந்தும் எங்களுடையதுதான் என்பது எழுத்தில் இருக்கிறதா. வேறொருவருடையது தேவைப்பட்டால் இரண்டு பேரும் தெரிந்து, சம்மதித்து ஒப்பமிட வேண்டும். நகை அடகு வைப்பது என்றால் ஒரு தடவைக்கு மட்டும் அல்ல, இரண்டாவது தடவை தேவைப்பட்டால் என்ன செய்வது என்றும் சேர்த்து இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்னரே பேசிக்கொள்வது நல்லது. தத்தெடுக்க நினைப்பவர்கள் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் விண்ணப்பித்து நீதிமன்றக் கட்டளை பெற வேண்டும். தெரிந்தவர் பிள்ளையை வாங்கித் தங்கள் பெயரில் பதிவது குற்றம்; பிற்பாடு அந்தப் பிள்ளைக்கே அது துன்பம்.

11. தங்கிவிட்டால்

நாள் தள்ளி, வீட்டுப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்ததும் சிகிச்சை தந்த டொக்டரிடம் சொல்லி, என்னென்ன மாத்திரையைத் தொடர்வது என்று கேளுங்கள். தாங்களாக நிறுத்த வேண்டாம். கடைசி மாதவிடாயின் 1ஆம் நாளிலிருந்து எண்ணி ஆறு ஏழு கிழமையில் (வாரத்தில்) ஒரு ஸ்கான் அவசியம், முக்கியமாகக் குழாயில் பிரச்சினை இருந்தவர்களுக்கு. கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, தலைச்சுற்று, தோள்மூட்டு நோ, இரத்தம் போதல் என்றால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எட்டுக் கிழமைக்குள் மருத்துவமாதுவிடம் பதியுங்கள். மூன்று மாதம் முடியட்டும், கண்ணூறு படும் என்று மறைப்பது அயலவருக்குச் சரி, அவருக்குச் சரியல்ல. அந்தக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள், கடைசி மாதவிடாய்த் திகதியை அவர் முதலில் கேட்பார்.